பொச்சுக் குழிக்கு மேலே ஓடிய மெசின்

இந்தக் காலத்து யாவாரிகளுக்கு ஏமாற்றக்கூட ஒழுங்காகத் தெரிவதில்லை. முன்பு கடைக்குப் போய் ஒன்றைக் கேட்டால், அதைவிடப் பெரியதை நம் தலையில் கட்டப் பார்ப்பான். நாம் ஏசுவோம், அவன் பல்லைக் காட்டுவான், கடைசியில் விலை படியும். யார் கள்ளன் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருக்காது. இப்போது கதிரையை இழுத்துப் போட்டு, குளிராக எதையோ குடிக்கத் தந்துவிட்டு, "பெரிசு உங்களுக்கு வேணாம்" என்கிறார்கள். காசோடு வந்தவனிடம் குறைத்து வாங்கு என்பவனை எப்படி நம்புவது?

புத்தளத்து மெசின் கடைக்குப் போய் வந்த நாளிலிருந்து ஆலங்குடா அத்தாஉல்லாவின் வாயில் இதே கதைதான்.

உழவு மெசின் வாங்கப்போவது அவரல்ல, மகள் ஜுமானாவின் புருஷன் ஹில்மி. கட்டாரில் பாரவண்டி ஓட்டிச் சேர்த்ததை வைத்து ஒரு மெசின்தான் வாங்கலாம். மாமாவின் தென்னங்காணியில் புல் அடித்து, தேங்காய் ஏற்றி, பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்கும் கூலிக்கு உழுதால் ஊரோடு இருந்துவிடலாம். பிழையான மெசினை வாங்கிவிட்டால் திரும்பவும் கட்டார்தான். ஜுமானாவுக்கோ இது ஏழாம் மாதம்.

ஓட்டிப் பார்க்கட்டும் என்று கடைக்காரன் லோறன்ஸ் ஒரு பெரியதையும் ஒரு சின்னதையும் லொறியில் ஏற்றிக் காணிக்கே கொண்டுவந்து இறக்கினான். ஜுமானாவும் ஒரு மரநிழலில் நின்று பார்க்க, அத்தாஉல்லா சின்னதைச் சுற்றி வந்தார்.

"இதென்ன தம்பி, பள்ளிக்கூடப் புள்ளையள் வெளையாடுறதா?"

"ஏறி இருந்து பாருங்க நானா."

"நான் ஏறினா அது படுத்துரும்."

லோறன்ஸ் சிரித்துவிட்டுக் காணியைப் பார்த்தான். வயதான தென்னைகளுக்கு நடுவே இளம் தென்னம்பிள்ளைகளை நட்டிருந்தார்கள். "மரத்துக்கு நடுவுல பொச்சு தாட்டிருக்கீங்களா நானா? பெரிசுட பாரத்த அது தாங்குமா?"

அந்தப் பக்கத்து மணல் காணிகளில் பொச்சு புதைக்காதவர் யார்? குழி வெட்டி, உரித்த தேங்காய் மட்டைகளை மல்லாத்தி அடுக்கி, மேலே மணலை மூடிவிட்டால், பெய்யும் மழையைப் பிடித்து வைத்து மரத்துக்கு ஊட்டும். வரட்சி வந்த வருஷம் ஊறப்போடத் தண்ணீர் இல்லாமல், தேங்காய்த் தும்பு மில்காரன் மட்டையைச் சும்மா ஏற்றிக்கொண்டுபோகச் சொன்னான். சும்மா கிடைக்கிறதே என்று அத்தாஉல்லா வரிசைக்கு வரிசை ஆள் போட்டுத் தாட்டார். பிறகு மேலே புல் மூடியது.

"தாட்டதெல்லாம் இறுகிக் கல்லாப் போச்சு," என்று குதிகாலால் நிலத்தை மிதித்துக் காட்டினார். "விடியச் சுபஹு தொழுதிட்டு நான் நடக்கிற எடம் இது. என்ட காணிய நீயா எனக்குப் படிச்சுத் தாற? சின்னதத் தள்ளிவிட ஒனக்கு ஒரு சாட்டு. மகன், பெரிசுல ஏறு."

ஹில்மி லோறன்ஸைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், பிஸ்மில்லா சொல்லி ஏறினான்.

முதல் வரிசை பிழையில்லாமல் போயிற்று. மணல் அலையலையாகப் புரண்டது. "பாத்தியா!" என்று அத்தாஉல்லா லோறன்ஸின் முதுகில் தட்டினார். திரும்பும்போது இடம் போதாமல் ஒரு தென்னம்பிள்ளை சக்கரத்தில் முறிந்தது. "போகட்டும், வேறொண்டு வெப்பம்."

இரண்டாவது வரிசையின் நடுவில்தான் அது நடந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரச்சாக்குக் கிழிவதுபோல ஓர் ஓசை. பின்சக்கரம் ஒன்று நிலத்துக்குள் போய்விட்டது. மறுபக்கச் சக்கரம் அந்தரத்தில் சுற்ற, முழு மெசினும் ஹில்மியோடு சேர்ந்து சரிந்தது. சரிந்த பக்கம் ஒரு கிழட்டுத் தென்னை நின்றபடியால் அதில் மோதி நின்றது. மரம் அதிர்ந்து இரண்டு தேங்காய்கள் விழுந்தன. ஒன்று ஹில்மியின் காதோரமாகப் போய் மெசினின் தகரத்தில் அடித்தது.

"அல்லாஹ்!" என்றாள் ஜுமானா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே ஓடி வந்தாள்.

அத்தாஉல்லா வாய் திறந்தபடி நின்றார். குழியிலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்தது, அழுகிய மட்டையின் நாற்றம் வந்தது. நாள் தவறாமல் தன்னைச் சுமந்த நிலம் மருமகனை விழுங்கப் பார்த்ததை அவருடைய கண் பார்த்தது, புத்தி ஏற்கவில்லை. மரத்தைப் பிடிக்கக் கை நீட்டினார், மரம் எட்டவில்லை.

ஹில்மி எஞ்சினை நிறுத்தி, தொங்கிக் குதித்தான். கணுக்காலில் தோல் உரிந்திருந்தது.

"கல்லு எண்டீங்களே வாப்பா," என்றாள் ஜுமானா. "கல்லு எண்டீங்களே."

அவர் குனிந்து அந்தக் குழிக்குள் பார்த்தார்.

லொறியில் சங்கிலி கட்டி, சக்கரத்துக்கடியில் மரக்குற்றி கொடுத்துப் பெரியதை வெளியே இழுத்ததும் ஹில்மி சின்னதில் ஏறினான். அத்தாஉல்லா குழி தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு முன்னே ஓடினார். அடுத்த வரிசையில் குத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல அது பிடிவரைக்கும் இறங்கியது. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் அப்படித்தான். காணி முழுக்கப் பொத்தல். மெசினின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார்.

"எறங்கு மகன்! இதுக்குள்ளயும் குழி ஈக்கிது! எறங்கு!"

"ஒதுங்குங்க நானா," என்றான் லோறன்ஸ். "இது அதுல பாதிப் பாரமும் இல்ல. டயரும் அகலம்."

"மாமா, ஒதுங்குங்க."

ஒதுங்கினார். கண்ணை மூட நினைத்தார், மூடவில்லை. சின்ன மெசின் குழிக்கு மேல் ஏறியது. நிலம் மெத்தைபோல ஒரு சாண் அமுங்கிற்று. மெசின் தாண்டியது. அடுத்த குழியையும், அதற்கடுத்ததையும் தாண்டிற்று. ஒரு தென்னம்பிள்ளையையும் தொடாமல், நின்ற இடத்திலேயே நாய்க்குட்டி மாதிரித் திரும்பி வந்தது.

"இதுதான் மாமா," என்றான் ஹில்மி. "இத எடுப்பம். நான் எங்கயும் போகல்ல."

ஜுமானா அப்படியே மணலில் குந்திவிட்டாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை.

அத்தாஉல்லா அலவாங்கை நட்டுவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"இண்டைக்கு மணல் காஞ்சி ஈக்கிது. மழை பெஞ்சாத்தான் இதுட கதை தெரியும்."

"மழைக்குப் பிறகும் வந்து ஓட்டிக் காட்டுறன் நானா," என்றான் லோறன்ஸ்.

"வித்த பொறகு ஆருடா வாற?"

"மாமா, எடுக்கவா வேணாமா, ஒரு வார்த்த செல்லுங்களேன்."

"ஒன்ட காசு, ஒன்ட மெசின். என்ட வாயால ஓம் எண்டு வரும் எண்டு மட்டும் எதிர்பாக்காத."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், அவர் கடற்கரை றோட்டுப் பக்கமாக நடந்தார்.