மாடி அறை சீலிங்

சவரிநாதன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவர் பூசிவிட்டுப் போன சீலிங் மட்டும் சாகாமல் இருந்தது. குவைத்திலிருந்து திரும்பிய கையோடு, திண்டிவனத்தில் வேறு யார் வீட்டிலும் இருக்கக் கூடாது என்று, கூடத்துக்கும் மாடி அறைக்கும் மேலே டெக்ஸ்சர் பூசச் சொன்னார். பூச்சு காய்வதற்குள் மேஸ்திரி பிரஷ்ஷால் குத்திக் குத்தி இழுத்ததில் சீலிங் முழுக்க முள் முள்ளாக நின்றது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து அசந்துபோனார்கள். ஆனால் இரண்டே வருஷத்தில் முள்ளுக்கு முள் ஒட்டடை கட்டியது. துடைப்பத்தை வைத்தால் குச்சி மாட்டிக்கொண்டது. அவர் பெண்டாட்டி ஞானமேரி மேலே பார்க்கும்போதெல்லாம் செத்த மனுஷனைத் திட்டுவாள்.

இப்போது மகன் இருதய அருணுக்கு விக்கிரவாண்டியில் பெண் அமைந்தது. பெண் பெயர் வெனிலா, நர்ஸ் வேலை. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியதும் ஞானமேரியின் கண்ணில் பட்டது சீலிங்தான். பெயிண்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். சீலிங் சுரண்டுவது கழுத்து ஒடிகிற வேலை, சுவர் மாதிரி நினைக்காதீங்கம்மா என்று அவர் சொன்ன கூலியைக் கேட்டு, அவரை அப்படியே வாசலோடு அனுப்பினாள். வீட்டில்தான் ஒருத்தி சும்மா இருக்கிறாளே.

அந்தச் சும்மா இருந்தவள் மூத்த மகள் சகாய பிரியா, வயது முப்பத்தேழு. தம்பி இன்ஜினியரிங் முடிக்கும்வரை ஜவுளிக்கடையில் கால் கடுக்க நின்று குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவள். கழுத்திலும் கையிலும் வெண்புள்ளி படரத் தொடங்கியதும் கடை முதலாளி அவளை உள்ளே ஸ்டாக் அறைக்கு அனுப்பினார், பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அது தொத்து நோய் இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஞானமேரி டாக்டரை நம்பவில்லை, ஊர் வாயைத்தான் நம்பினாள். பிரியாவுக்கு வந்த இரண்டு வரன்களும் கழுத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனபின் மூன்றாவதாக யாரையும் ஞானமேரி தேடவில்லை.

பிரியா தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷின் சமையல்கட்டு ஓரத்தில் கிடந்தது. இரவில் அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வாள். கீழே இருந்த ஒரே படுக்கையறை தம்பிக்கு. மாடி அறையில் பழைய கட்டிலும் சாமான்களும் அடைந்து கிடந்தன. கதவு வைத்த ஓர் இடம் தனக்கென்று இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் அந்த வீட்டில் எதையும் கேட்டதில்லை. அதையும் ஒரே ஒரு தரம்தான் கேட்டாள். தாய்க்காரி அதை மறக்கவில்லை. தேவைப்படும்போது எடுத்து நீட்டினாள்.

"கூடத்த முடிச்சிட்டு மாடி ரூமையும் சுரண்டிடு. கீழ் ரூமு புள்ளைங்களுக்கு இருக்கட்டும். மாடி ஒனக்குத்தான். மெஷினத் தூக்கி மேல போட்டுக்கோ."

பிரியாவுக்கு இது போதும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வேலையைப் பழகினாள். முதலில் சீலிங்கைத் தண்ணீர் தெளித்து ஊறவிட வேண்டும். ஊறியதும் பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டுக் குத்தினால் உள்பூச்சும் சேர்ந்து பெயர்ந்து தலையில் விழும். விழவும் விழுந்தது. தலையில் துண்டு, மூக்கில் துப்பட்டா, கண்ணுக்கு அருணின் பழைய பைக் கண்ணாடி. சுரண்டிய இடத்துக்கு இரண்டு தரம் பட்டி மாவு இழுத்துச் சமமாக்கி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தாள். வெள்ளை மாவாகப் பொடி கொட்டியது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது சோற்றில் பொடி உதிர்கிறது என்று ஞானமேரி அவளைப் பின்கட்டில் உட்காரச் சொன்னாள்.

கூடம் முடிந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. அருண் அண்ணாந்து பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றான். நன்றி என்ற சொல் அந்த வீட்டில் சர்ச்சுக்குப் போகும்போது மட்டும்தான் பயன்படும்.

மாடி அறையை அவள் தனக்காகச் செய்தாள். அதனால் இன்னும் மெதுவாக, ஒரு மேடு பள்ளம் விடாமல் தேய்த்தாள். வெள்ளை பெயிண்டில் இரண்டு சொட்டு நீலம் கலந்து வைத்தாள். மெஷின் எங்கே, கட்டில் எங்கே, ஜாக்கெட் துணி அடுக்க அலமாரி எங்கே என்று மனசுக்குள் நூறு தரம் இடம் மாற்றிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குப் பேராசை பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் நாலு மணிக்கு மேல் வருவதாகப் பேச்சு. பூசை முடிந்து வந்ததும் ஞானமேரி, மத்தியானம் பஸ் ஏறி விழுப்புரத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடு, செவ்வாய்க்கிழமை வந்தால் போதும் என்று மகளிடம் சொன்னாள். பிரியா ஏன் என்று கேட்கவில்லை. காரணம் அவள் கழுத்தில் இருந்தது. கிளம்புவதற்குள் கடைசிக் கோட் பெயிண்டையும் அடித்துவிடலாம் என்று மாடிக்குப் போனாள். மூலையில் ஒரு பட்டித் திட்டு சொரசொரவென்று பட்டது. உப்புத்தாளை எடுத்து மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

பெண் வீட்டாருக்கு அன்று திண்டிவனத்திலேயே ஒரு ஞானஸ்நான விருந்து. சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிட்டது, வெயிலில் நாலு மணிவரை எங்கே போய் நிற்பது என்று ஒன்றரை மணிக்கே வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, கூட ஓர் அத்தை. கூடத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்கள். சீலிங் வழுவழுவென்று இருக்கிறதே என்று பெண்ணின் அம்மா வாய்விட்டுச் சொன்னாள். ஞானமேரிக்குப் பெருமையும் பதற்றமும் ஒன்றாக வந்தன. மேலேயும் ரூம் இருக்கா, பார்க்கலாமா என்று பெண்ணின் அப்பா எழுந்து படியேறிவிட்டார். தடுக்க ஒரு காரணம் கிடைப்பதற்குள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள்.

ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தவள் திரும்பினாள். தலை முதல் கால் வரை வெள்ளைப் பொடி. பெண்ணின் அம்மா யார் என்று கேட்பதுபோல் பார்த்தாள்.

"வேலைக்கு வந்த பொண்ணுங்க," என்றாள் ஞானமேரி.

பெற்ற வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. பிரியா தம்பியைப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து அவளை நீ, வா, போ என்றே பேசி வளர்ந்தவன், "அக்கா, அந்த ஸ்டூல கொஞ்சம் நகத்திக்கிறீங்களா," என்று மரியாதையாகச் சொன்னான். பிரியா இறங்கி ஓரமாக நின்றாள்.

ஞானமேரி அறையைக் காட்டினாள். இதுதான் புள்ளைங்களுக்கு, காத்தோட்டமா இருக்கும், கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம் என்றாள். மெஷினுக்கென்று பிரியா குறித்து வைத்திருந்த இடத்தில் பெண்ணின் அத்தை மனசுக்குள் பீரோவை வைத்துப் பார்த்தாள், பொருந்தும் என்றாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு நிமிஷத்தில் அறை போய்விட்டது.

பெண்ணின் அம்மா பிரியாவின் கைகளைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். கழுத்தெல்லாம் பெயிண்ட்டா ஒட்டிக்கினு இருக்குதே, தின்னர் போட்டுத் தொடச்சா போயிடும்மா என்றாள். பிரியா சரிங்க என்றாள்.

அப்புறம் பேச்சு குடும்பத்தின் பக்கம் திரும்பியது. சம்பந்தம் பேசிவிட்ட எங்கள் ஊர்க் கோயில் உபதேசியார் சொன்னாரே, மூத்த மகள் ஜார்க்கண்டில் கன்னியாஸ்திரியாக இருக்கிறார்களாமே, கல்யாணத்துக்கு வருவார்களா என்று பெண்ணின் அம்மா கேட்டாள். பிரியாவுக்கு அதுவரை தெரியாது. மணமாகாத அக்கா ஒருத்தி வீட்டில் இருந்தால் இடைஞ்சல், நோயோடு இருந்தால் பெரிய இடைஞ்சல், மடத்தில் இருந்தால் குடும்பத்துக்கே பெருமை. தாய்க்காரி கணக்குப் போட்டு மகளை ஆண்டவருக்குக் கொடுத்திருந்தாள். ஆண்டவரையும் கேட்கவில்லை, மகளையும் கேட்கவில்லை.

மடத்தில் லீவு தரமாட்டார்கள், அவள் ரொம்ப பக்தி, சின்ன வயசிலேயே சாமிக்குத்தான் என்று நின்றுவிட்டாள் என்றாள் ஞானமேரி. சிஸ்டர் பெயர் என்ன என்று கேட்டதற்கு, சகாய பிரியா என்றாள். பெண்ணின் அம்மா கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கீழே டீ போட்டார்கள். வந்தவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் கொடுத்தாள் ஞானமேரி. வேலைக்காரிக்கும் ஒரு வாய் டீ குடுங்க என்று பெண்ணின் அம்மா சொன்னதால், மகளுக்கு ஒரு பேப்பர் கப்பில் ஊற்றிப் படியடியில் கொண்டுவந்து வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, படியில் வைத்தாள். வேஷத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. பிரியா அதை எடுத்துக் குடித்தாள். சூடு நாக்கைச் சுட்டும் நிறுத்தாமல் குடித்தாள்.

கிளம்பும்போது பெண்ணின் அம்மா அவளிடம் வந்தாள். விக்கிரவாண்டியில் எங்கள் வீட்டு சீலிங்கும் இதே முள்ளுதான், நீ வந்து செய்து கொடேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"ஒம் பேரு என்னாம்மா?"

அருண் செருப்பு மாட்டுவதுபோல் குனிந்துகொண்டான். ஞானமேரியின் முகம் வெளுத்தது. அந்த ஒரு நொடியில் அந்தக் கல்யாணம் பிரியாவின் நாக்கு நுனியில் இருந்தது. அவளுக்கு அது தெரியும். அம்மாவை நேராகப் பார்த்தாள். கெஞ்சுவாள் என்று நினைத்தாள். கண்ணாலாவது கெஞ்சினால் போதும், எதையாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள். ஞானமேரி கெஞ்சவில்லை. முறைத்தாள்.

"அவங்களக் கேளுங்க," என்றாள் பிரியா. "அவங்கதான் எனக்குப் பேரு வெச்சாங்க."

பெண்ணின் அப்பா ஞானமேரியைத் திரும்பிப் பார்த்தார். ஞானமேரி மெல்லச் சிரித்தாள். இரக்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். விரலால் நெற்றிப் பொட்டை இரண்டு தட்டு தட்டிக் காட்டினாள்.

"கொஞ்சம் இங்க சரியில்லாத பொண்ணுங்க. யாரப் பாத்தாலும் அம்மான்னு ஒட்டிக்கும். வேல மட்டும் ஒழுங்கா செய்யும். பாவம்னு கூப்ட்டுக்கினு இருக்கோம்."

அப்படியா தம்பி என்று பெண்ணின் அப்பா அருணைக் கேட்டார்.

"ஆமாங்க," என்றான் அருண்.

பெண்ணின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரி அவள். பொடி படிந்த அந்தத் தலையில் கை வைத்து ஒரு நிமிஷம் முணுமுணுவென்று ஜெபித்தாள். பிறகு ஞானமேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்க சிஸ்டர் பொண்ணுகிட்ட போன்ல பேசறப்ப, இந்தப் பொண்ணுக்காகவும் வேண்டிக்கச் சொல்லுங்க."

"சொல்றேங்க," என்றாள் ஞானமேரி.