பீரோவுக்குள் இருமல்

“என் பேப்பரைக் காட்டுங்க சார்” என்று ஜோவிதா போய் நின்ற அன்று, அந்த விடைத்தாள் ஆங்கிலத் துறையின் இரும்பு பீரோவுக்குள் பதினோராவது நாளாக இருமிக்கொண்டிருந்தது. விடைத்தாளை மட்டும் கேட்டுவிடக் கூடாது, கேட்டவர்களின் இன்டர்னல் மார்க் இளைத்துப்போகும் என்று எம்.ஏ. சேர்ந்த முதல் வாரமே சீனியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். அவள் கேட்டாள்.

கேள்வி பத்தொன்பது வருடமாக மாறாதது. இருநூறு வருடம் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்று; அதில் புகை மண்டிய பெருநகரத்து ஏழைகள் இருமுகிறார்கள், மேயரின் ஜன்னலுக்குக் கீழே இருமினால் அபராதம். ஆராய்க. இருமல் என்பது ஆன்ம வெறுமையின் குறியீடு என்று துறைத் தலைவர் விஜயராகவன் தன் நோட்ஸில் எழுதி, வருடம் தவறாமல் அதே ஏற்ற இறக்கத்தில் வாசித்து வந்தார். அந்த வரியை எழுதி வேலைக்குப் போன வாத்தியார்கள் தவளக்குப்பம் வரை இருந்தார்கள். ஜோவிதா மட்டும் இருமல் என்றால் இருமல் என்று எழுதினாள். புகையை விட்டது யார், அபராதம் யார் பைக்குள் போனது, ஜன்னலைச் சாத்த மேயருக்குக் கை இல்லையா என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தில் தன் அம்மா லூர்துசெல்வியை எழுதினாள். உப்பளம் பகுதி வீட்டிலிருந்து விடியுமுன் போய்க் கடற்கரைச் சாலையைப் பெருக்கும் அம்மாவுக்கு, பெரிய மனிதர்கள் நடக்க வரும் நேரத்தில் இருமக் கூடாது என்று ஒப்பந்தக்காரர் உத்தரவு போட்டிருந்தார். பதினான்கு வருடத் தூசியை அவள் எட்டு மணி வரை தொண்டையிலேயே வைத்திருப்பாள்.

விஜயராகவன் திருத்த எடுத்தபோது முதல் பக்கம் கனைத்தது. கடைசிப் பக்கம் வருவதற்குள் சிவப்பு மை மேசையெங்கும் தெறித்திருந்தது. முறைகேட்டுப் படிவத்தில் பிட், செல்போன், ஆள்மாறாட்டம் என்று கட்டங்கள் இருந்தன; இருமலுக்கு இல்லை. ‘இதர’ என்பதில் டிக் அடித்து, பூஜ்யம் போட்டு, தாளை பீரோவில் பூட்டினார்கள். மூன்றாம் நாள் இருமல் பக்கத்துக் கட்டுக்கும் தொற்றி, தங்கப் பதக்கத் தாளுக்கே தொண்டை கரகரத்தது. அட்டெண்டர் கலியமூர்த்தி தினமும் ஒரு தம்ளர் சுக்கு வெந்நீரை பீரோ மேல் வைத்தார். மாலையில் தம்ளர் காலியாக இருக்கும்.

லூர்துசெல்வியோ அந்தப் பரீட்சை நாளிலிருந்து ஒருமுறைகூட இருமவில்லை. “நெஞ்சு வாடகைக்காரங்க காலி பண்ண வீடு மாரி கெடக்குடி” என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டு, முதல்முறையாக மாதா கோயில் பூசையில் கடைசிப் பாட்டு வரை பாடினாள்.

ஜோவிதா வந்து கேட்டதும் விஜயராகவன் பீரோவைத் திறந்து தாளை நீட்டினார். ஜோவிதா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கசங்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். அவர் ஒரு புதுத் தாளையும் நீட்டினார்.

“திங்கக்கிழமை மூலக்குளம் ஸ்கூல்ல டீச்சரா சேரணும்ல நீ? மார்க்‌ஷீட் இல்லாம கேட்டுக்குள்ள விடுவானா? நோட்ஸ்ல இருக்கறத எழுது, எழுபது போடறேன். அந்தச் சனியன நீயே கிழிச்சிடு. சத்தம் நின்னுடும்.”

“கிழிச்சா அந்த இருமல் எங்க சார் போவும்? எங்க ஊட்டுக்குத்தான வரும்?”

அவருக்குப் புரியவில்லை. கலியமூர்த்திக்குப் புரிந்தது. “ஒங்கம்மா இப்ப மவராசியா பாடறாங்களே, அதாம்மா வெசயம்” என்று தலையாட்டினார். அவரும் அதே கோயிலுக்குப் போகிறவர்தான்.

ஜோவிதா வீட்டில் யாரும் ஃபேனுக்குக் கீழே நின்று வேலை செய்ததில்லை. இந்தப் பள்ளி வேலைதான் முதலாவதாக இருந்திருக்கும். அந்தப் பள்ளிக்குக் காலையிலேயே போன் போட்டு, திங்கட்கிழமை வர முடியாது என்று சொல்லிவிட்டு, மறுபடி பரீட்சை எழுத அரியர் படிவத்தையும் கொடுத்துவிட்டுத்தான் ஜோவிதா மாடி ஏறியிருந்தாள். தாளைத் தானே பீரோவில் திருப்பி வைத்தாள்.

“அடுத்த தடவையும் இதே கேள்விதான சார் கேப்பீங்க? எதிர்வூட்டு அம்மாவாசை மாமாவுக்கு மூச்சிரைப்பு. ரொம்ப வருசமா அவஸ்தப்படறாரு. அவர எழுதறேன்.”

கலியமூர்த்தி, யாரும் சொல்லாமலே, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்யத் தொடங்கினார். ஜோவிதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.