ஆராயி நின்ற இடம்

தை மாதத்துப் பனியில் உப்பளத்துச் சேறு எலும்புவரை ஏறும். சித்திரையில் காலைச் சுடுகிற அதே மண், தையில் அறுக்கும். மரக்காணத்துக்குத் தெற்கே, பாலகுரு முதலாளியின் அளத்தில், கிழக்கு வெளுக்கும் முன்பே பதினோரு பேர் நான்காம் பாத்திக்குள் இறங்கி வரிசை கட்டி நின்றார்கள். உப்பு விளைய வேண்டுமானால் முதலில் பாத்தியின் அடித்தரை இறுக வேண்டும். அதற்கு மனிதக் கால்தான் வேண்டும். தோளோடு தோள் உரச, ஒரே தாளத்தில், குதிகாலை அழுத்தி, அடுத்த அடியை முந்தைய அடியின் விளிம்பில் வைத்து மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கால் வைக்கிற இடம் விட்டுப்போனாலும் அங்கே தரை இளகிக் கிடக்கும், விளைகிற உப்பில் சேறு ஏறும். இது தெரியாமல் யாரும் அளத்தில் இறங்குவதில்லை.

தெரிந்தேதான் அன்று நடுவில் இடம் விட்டு மிதித்தார்கள். அஞ்சம்மாளுக்கும் மாரியம்மாளுக்கும் இடையே ஓர் ஆள் நிற்கிற அகலம் காலியாக இருந்தது. போன பங்குனிவரை அங்கே ஆராயி நின்றாள். இதே பாத்தியில் விழுந்து செத்துப்போனாள். வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தாள் என்று விசாரணைக் காகிதத்தில் எழுதியிருக்கிறது. காகிதத்துக்கு என்ன, எதை எழுதினாலும் சுமக்கும். அவள் போன பிறகு இதுதான் முதல் மிதி.

"ஏம்மா, நடுவுல இன்னா வாய்க்காலா வெட்டி வச்சிருக்கீங்க? நெருங்கி நில்லுங்க" என்று வரப்பிலிருந்து கத்தினான் மேஸ்திரி கலியமூர்த்தி.

யாரும் நெருங்கவில்லை.

"அங்க கால் வச்சா சுர்ருங்குது மேஸ்திரி" என்றாள் மாரியம்மாள்.

"இன்னா சுர்ருங்குது?"

"கரண்டு மாதிரி."

கலியமூர்த்தி தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகைப் பக்கம் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதலாளி சொல்லிட்டாரு. இந்த வாரத்துக்குள்ள நாலாம் பாத்தி முடியலைன்னா வெளியூர் ஆளு எறங்கும். நீங்க ஊட்ல குந்திக்கினு பேய்க்கதை பேசலாம்" என்றான்.

அஞ்சம்மாள் தலை நிமிரவில்லை. அவள் கண் அந்தக் காலி இடத்திலேயே இருந்தது. யாரும் மிதிக்காத அந்தக் கீற்றில் காலடித் தடம் ஒன்று வரிசையாகப் போயிற்று. வலது குதிகால் இரண்டு முறை ஊன்றிய தடம். ஆராயி ஒருத்திதான் அப்படி ஊன்றி மிதிப்பாள். மூன்று நாளாக விடியும்போதெல்லாம் அஞ்சம்மாள் அதைப் பார்க்கிறாள். மற்றவர்களுக்கும் தெரிகிறதா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. தெரிகிறது என்று சொல்லிவிட்டாலும் பயம், தெரியவில்லை என்றாலும் பயம்.

பத்து மாதமாக அவள் எந்தச் சுவிச்சையும் தொட்டதில்லை. வீட்டில் மகள்தான் விளக்குப் போட வேண்டும், மகள் வரத் தாமதமானால் இருட்டில் உட்கார்ந்திருப்பாள். பேச்சும் அப்படியே அடங்கிவிட்டது. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அளத்தில் அவளுக்கு ஊமையச்சி என்று பெயரே வந்துவிட்டது.

பாலகுருவின் உப்புக் கிடங்கை ஒட்டி ஓர் அறையில் வாரம் மூன்று நாள் மருத்துவம் பார்த்தார் டாக்டர் ஷாலினி. அறக்கட்டளை ஒன்று நடத்திய சிகிச்சைக் குழுவின் மருத்துவர் அவர். அந்த அறையை முதலாளி இலவசமாகக் கொடுத்திருந்தார். கொடுத்தது நாலு பேருக்குத் தெரியும்படி வாசலில் பலகையும் மாட்டியிருந்தார். கால் வெடிப்புக்கும் கண் எரிச்சலுக்கும் வந்துகொண்டிருந்த பெண்கள், போன பங்குனிக்குப் பிறகு வேறு நோவுகளோடு வந்தார்கள். தூக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது. பாத்தியில் இறங்கினால் கால் மரத்துப்போகிறது. ரத்தம் எடுத்தார், ஈசிஜி எடுத்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, நோவு தீரவில்லை.

கடைசியில் ஷாலினி அறக்கட்டளைக்கு எழுதி, குழுவில் ஒரு கலைவழிச் சிகிச்சையாளரைச் சேர்க்க அனுமதி வாங்கினார். ஆளைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் வேண்டும் என்பது விதி: மருத்துவர், இடம் கொடுத்தவர், தொழிலாளி ஒருவர். இரண்டு பேர் ஒப்புக்கொண்டால் போதும்.

"அது இன்னா டாக்டரம்மா, கலைவழி?" என்று கேட்டார் பாலகுரு.

"பாட்டு, படம், மண்ணுல உருவம் செய்யறது, ஆடறது... இப்படி எதையாவது செய்ய வச்சு, வாயால சொல்ல முடியாம உள்ள அடைச்சுக்கிட்டு இருக்கறத வெளிய கொண்டுவர்றதுங்க. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க."

"அடைச்சிருக்கறது அடைச்சே இருக்கட்டுமே" என்று சிரித்தார் பாலகுரு. "பேய் புடிச்சா பூசாரிகிட்ட போகணும். நானே செலவு பண்ணி எல்லையம்மனுக்குப் படையல் போடறேன். படம் போட்டா போயிடுமா பேயி?"

ஷாலினி விடவில்லை. சரி, நடத்திக்கொள்ளுங்கள் என்று இறங்கி வந்த பாலகுரு, தொழிலாளி தரப்பில் அஞ்சம்மாள் இருக்கட்டும் என்று தாமே பெயர் சொன்னார். வாயில்லாப் பூச்சி, தலையாட்டச் சொன்னால் ஆட்டும் என்பது அவர் கணக்கு. அன்று மாலையே கலியமூர்த்தி அவளை வரப்பில் நிறுத்தினான்.

"மொதல்ல வர்ற ஆளுக்குக் கை தூக்கு. மொதலாளிக்குத் தெரிஞ்சவரு. ரெண்டாவதுக்குத் தூக்கினேன்னா, அன்னிக்குச் சுவிச்சு போட்டது எந்தக் கைன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். புரியுதா?"

அவள் தலையாட்டினாள். பத்து மாதமாக அவளைக் கட்டிப்போட்டிருந்த கயிறு அந்தச் சொல்தான்.

சனிக்கிழமை காலை கிடங்கு முற்றத்தில் நாற்காலி போட்டுத் தேர்வு நடந்தது. சிகிச்சை யாருக்கோ அவர்கள் முன்னால்தான் நடக்க வேண்டும் என்று ஷாலினி சொல்லிவிட்டதால் அளத்துப் பெண்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். முதலில் வந்தவர் ஓர் ஓவிய வாத்தியார். நல்ல மனிதர்தான். மயில் அச்சடித்த தாள்களையும் கலர் பென்சில்களையும் கொடுத்து, கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் தீட்டச் சொன்னார். மாரியம்மாள் மயிலின் காலை மட்டும் கறுப்பாக்கிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தாள். நேர்த்தியாக இருக்கிறது என்று பாலகுரு கைதட்டினார்.

இரண்டாவதாக வந்தவள் சத்யப்ரியா. பெரிய முதலியார்சாவடி ஊர்ப் பெண், முப்பது வயது இருக்கும். அவள் சீக்கிரமே வந்து வரப்போரத்தில் இரண்டு சட்டி களிமண் வெட்டி வைத்திருந்தாள். முற்றத்தில் தார்ப்பாயை விரித்து மண்ணைக் கொட்டினாள்.

"உங்களுக்கு என்ன தோணுதோ அதைச் செய்யுங்கக்கா. சரி தப்பெல்லாம் கிடையாது" என்றாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாரியம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஆறு பேரும் புடவையைத் தூக்கிச் செருகினார்கள், வரிசை கட்டினார்கள், மிதிக்கத் தொடங்கினார்கள். நாற்காலியில் இருந்த அஞ்சம்மாளும், மண்ணையும் வரிசையையும் பார்த்ததும், தன்னை அறியாமல் எழுந்துபோய் மாரியம்மாள் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றுகொண்டாள். களிமண்ணைக் கண்டால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

பாலகுரு தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா வந்தது சிகிச்சை. பொம்மை செய்யச் சொன்னா பாத்தி மிதிக்குதுங்க."

"கையால செய்யணும்..." என்று ஷாலினி எழுந்தார்.

சத்யப்ரியா அவரைக் கையமர்த்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, காலியாக இருந்த இடத்தில் போய் நின்று தானும் காலை ஊன்றினாள்.

ஏழு பேரின் கால்களும் ஒன்றாக நின்றன.

"அங்க நிக்காதம்மா" என்றாள் அஞ்சம்மாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஏங்கக்கா?"

"அது ஆராயி இடம்."

சத்யப்ரியா உடனே விலகி வெளியே வந்தாள். ஆராயி யார், என்ன ஆனாள் என்று அவள் கேட்கவில்லை. "மன்னிச்சுக்கங்க, எனக்குத் தெரியாது. ஆராயி எப்படி மிதிப்பாங்க?" என்றுதான் கேட்டாள்.

பத்து மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. எப்படிச் செத்தாள் என்று கேட்டவர்கள் உண்டு, பதிலைத் தாங்களே சொல்லிக் கொடுத்தும் இருக்கிறார்கள். அஞ்சம்மாள் வலது காலைத் தூக்கினாள். குதிகாலை ஒருமுறை ஊன்றினாள், மறுமுறை ஊன்றினாள். இடது காலை இழுத்துச் சேர்த்தாள். மறுபடி இரண்டு ஊன்றல். தடம் விழுந்துகொண்டே போயிற்று, கால் நிற்கவில்லை.

"இப்பிடித்தான்... ரெண்டு ரெண்டா ஊனுவா. அன்னிக்கு மடை தொறக்கப் போனா. முழங்கால் தண்ணி. நான் மோட்டார் கொட்டாயாண்ட நின்னுகினு இருந்தேன். மோட்டாரப் போடுன்னாரு மேஸ்திரி. ஆராயி தண்ணிக்குள்ள இருக்குறா, ஒயரு தோலு பிஞ்சு தண்ணியில கெடக்குதுன்னேன். இருந்தா இன்னா, நேரமாவுது, போடுன்னாரு. போட்டேன். நான்தான் போட்டேன். அவ என்னைப் பாத்துகினேதான் விழுந்தா."

பாலகுரு மெதுவாக எழுந்தார். சிரிப்பு போய்விட்டது, குரலில் மட்டும் இன்னும் இனிப்பு இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அவ வாயாலயே சொல்லிட்டா. சுவிச்சு போட்டது இந்தக் கை. போலீசுக்குப் போனா மொதல்ல யாரைக் கூட்டிக்கினு போவாங்க? பாவம்னு நான்தான் இத்தனை நாளா இவளைக் காப்பாத்திக்கினு வர்றேன்."

அஞ்சம்மாள் உட்காரப் போனபோது மாரியம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒயரு எங்க போச்சுன்னு யாரும் கேக்கலையே" என்றாள் மாரியம்மாள். "பாலித்தீன் சுத்துன பழைய ஒயரு. விசாரிக்க வர்றதுக்குள்ள அறுத்துத் தூக்கிக்கினு போய்க் கால்வாயில போடச் சொன்னாரு மேஸ்திரி. போட்டது நான். வெளிய சொன்னா சாட்சிய மறைச்சேன்னு உள்ள தள்ளிடுவாங்கன்னாரு. இன்னிக்கு வரைக்கும் எனக்கு அந்த ஒயரு கனவுல பாம்பா வருதுக்கா."

வரிசையின் கடைசியில் நின்ற கொளஞ்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அவளுக்கு அடிக்கடி வலிப்பு வரும்னு விசாரிக்க வந்தவங்ககிட்ட சொன்னது நான்தான். அவளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்தது கெடையாது. மொதலாளி சொல்லச் சொன்னாரு. சொல்லிட்டேன். அவ காலடி தெனமும் பாத்தியில தெரியுது. எனக்கு மட்டுந்தான் தெரியுதுன்னு இருந்தேன்."

"எனக்கும் தெரியுது" என்றாள் மாரியம்மாள்.

"எனக்கும்" என்றது இன்னொரு குரல்.

அப்போதுதான் அஞ்சம்மாளுக்கு விளங்கியது. ஒரு சாவைக் கூறு போட்டு, ஆளுக்கு ஒரு கூறாக மடியில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அவரவர் கூறை அவரவர் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவளையும் பார்க்காமல், பத்து மாதமாக ஒரே அளத்தில் இறங்கியிருக்கிறார்கள். பயத்துக்கு மேல் அவளுக்கு இப்போது கோபம் வந்தது. அந்தக் கோபம் அவளுக்கு நல்லதாக இருந்தது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாங்க" என்றார் பாலகுரு. "உங்களுக்குச் சோறு போட்டவன் நான்."

"உப்ப இட்டது யாரு மொதலாளி?" என்றாள் மாரியம்மாள். "நாங்க வாரிக் குவிச்ச உப்பத்தான் நீங்களும் துன்றீங்க."

"நாளைக்கு ஒருத்தியும் அளத்துல கால் வைக்க மாட்டீங்க."

"வைக்கத்தான் மாட்டோம்" என்றாள் அஞ்சம்மாள். "புது ஒயரு போட்டு, தண்ணிக்குள்ள ஆள் இருக்கும்போது மோட்டார் போட மாட்டோம்னு நீங்க எழுதிக் குடுக்கற வரைக்கும் வைக்க மாட்டோம். ஆராயி எப்பிடிச் செத்தான்னும் அதுல எழுதணும்."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பாலகுருவுக்கு அவள் பெயரே அப்போதுதான் சரியாக நினைவுக்கு வந்தது போல விழித்தார்.

ஷாலினி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தேர்வு இன்னும் முடியல. சத்யப்ரியாவைக் குழுவுல சேர்க்கறதுக்கு யார் யார் சம்மதம்?" என்று கேட்டுவிட்டுத் தாமே முதலில் கை தூக்கினார்.

சேறு வழிய வழிய அஞ்சம்மாள் வலது கையைத் தூக்கினாள். மேஸ்திரி ஊருக்குக் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டிய அதே கை. இரண்டு பேர் ஆயிற்று.

"எழுதிக்குங்க, தாராளமா எழுதிக்குங்க" என்றார் பாலகுரு. "ஆனா இந்த ரூம் என்னுது. சாவிய வச்சிட்டு இன்னிக்கே காலி பண்ணிடுங்க. எங்க வச்சு ஆட வைக்கறீங்கன்னு பாக்கறேன்." அவர் கார் கிளம்பிப் போயிற்று.

மேசையையும் எடை மெஷினையும் மருந்துப் பெட்டிகளையும் பெண்களே தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரப் புங்கமரத்தடியில் இறக்கினார்கள். விஷயம் பரவ அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து அளங்களில் இறங்கியிருந்த ஆண்களும் பெண்களும் சேறு காயாத காலோடு வந்து நின்றார்கள். அவரவர் அளத்திலும் பாலித்தீன் சுற்றிய ஒயர் ஒன்று கிடந்தது.

"எனக்கு வேலை உண்டா இல்லையா டாக்டர்?" என்று மெல்லக் கேட்டாள் சத்யப்ரியா.

"அறக்கட்டளை ஒத்துக்கணும். இடம் போனது தெரிஞ்சா குழுவையே நிறுத்தினாலும் நிறுத்துவாங்க. எனக்கே நாளைக்கு வேலை இருக்குமான்னு தெரியல."

"இன்னிக்கு இருக்குதில்ல" என்றாள் சத்யப்ரியா. கொளஞ்சியம்மாளின் அழுகை இன்னும் நிற்கவில்லை. சத்யப்ரியா போய் அவள் அருகில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

கலெக்டருக்கு மனு எழுத ஷாலினி தாளை மேசைமேல் வைத்தார். மேல்வரி எழுதியதும் பேனா நின்றது. "முதல்ல யார் பேர் எழுதறது? முதல் பேர் போடறவங்களைத்தான் முதல்ல கூப்பிட்டு விசாரிப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அஞ்சம்மாள் முன்னால் வந்தாள். அவளுக்குப் பயம் போய்விடவில்லை. ஆனால் இப்போது அதைச் சுமக்க அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

"என் பேரை எழுதும்மா" என்றாள். "சுவிச்சு போட்டவ அஞ்சம்மாள்னு எழுது. போடச் சொன்னவன் பேரையும் பக்கத்துலயே எழுது."

ஷாலினி எழுதினார். அஞ்சம்மாள் குனிந்து கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தாள். அடுத்து மாரியம்மாள் பேனாவை வாங்கினாள், அவளுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொளஞ்சியம்மாள் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள், ரோட்டைத் தாண்டியும் நின்றார்கள்.