கபுண்டியின் அடி

தபால் நிலையத்தில் முத்திரை குத்த உட்காரும் முன் நாங்கள் தினமும் தலைவர் புகழ் பாடி ஆட வேண்டும். ஆடாதவளுக்கு வேலை கிடையாது. என் தம்பி கசாடி பள்ளிக்கூட வாத்தியார்; அங்கேயும் இதே ஆட்டம்தான். "பாடம் நடத்த வந்தவன் நான், இடுப்பாட்ட வந்தவன் இல்ல" என்று சொல்லிவிட்டான். பிடித்துக்கொண்டு போய் மைதானத்துக்குப் பின்னாலிருந்த சிறையில் போட்டார்கள்.

தலைவர் எங்கள் ஊருக்கு வரப்போவதாகச் செய்தி வந்தது. வரவேற்பு நடனம் என் தலையிலும் சக ஊழியை சிபோலா தலையிலும் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கபுண்டி கதை கேட்காமல் சோறு தின்ற பிள்ளை இல்லை. அந்த மரநாய் சிறுத்தையின் இரையைத் திருடித் தின்றுவிட்டு, கும்பிட்டபடியே பின்னால் நகரும். நகரும்போதே இடது காலால் தன் தடத்தை அழித்துவிடும். தலைவர் தலையில் இருப்பதோ சிறுத்தைத் தோல் தொப்பி.

"அந்த அடிய வெச்சிடலாமாடி?"

"கழுத்துல தல இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்று சிரித்தாள் சிபோலா. பிறகு மெதுவாக, "வெச்சிடு. சனம் சிரிச்சா உன் தம்பிக்குக் கேக்கும்" என்றாள்.

எனக்கு வேண்டியதும் அதுதான்.

மைதானத்தில் குனிந்தோம், பின்வாங்கினோம், காலால் வழித்தோம். முதலில் ஒரு கிழவி குலவையிட்டாள். பிறகு கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கேட்டிருப்பான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

தலைவர் எழுந்தார். இறங்கி வந்து எங்கள் நடுவில் குனிந்து, அதே அடியை எங்களைவிட அழகாகப் போட்டார்.

"எங்கம்மா சொல்லாத கபுண்டியா? கெட்டிக்காரிங்கதான். இனிமே நாடு முழுக்க இதையே ஆடட்டும்."

சிரித்த கூட்டம் கைதட்டியது. கிழவி இன்னொரு முறை குலவையிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக் களியும் கருவாடும் எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனேன். முற்றத்தில் கைதிகள் வரிசையாகக் குனிந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். கசாடியின் இடது கால் வீங்கியிருந்தது.

"இன்னும் குனி வாத்தியாரே! உங்கக்கா போட்ட அடிதானே?" என்று தாளம் போட்டான் காவலாளி.

கசாடி நிமிராமல் கேட்டான்: "சரியா வருதா அக்கா?"

அவர்கள் சுவர்வரை போய்விட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே முற்றத்து மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.