ஷார்ஜாவில் கழித்ததாக எழுதிய மூன்று வருடம்

பயோடேட்டாவில் 2020க்கும் 2023க்கும் நடுவில் என்ன எழுதுவது என்று சுஜினுக்குத் தெரியவில்லை. அந்த மூன்று வருடமும் அவன் பூஜப்புரை சிறையில் இருந்தான். அடிதடி வழக்கு. அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பார்த்தான். போன கடைகளில் எல்லாம் அங்கே விரலை வைத்து, அவனை ஏற இறங்கப் பார்த்து, பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

வேலை கொடுப்பவர் படிக்கும் விதம் அப்படி. கண் முதலில் வருடங்களுக்குப் போகும். அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் மற்றதைப் படிப்பார்.

"கல்ஃப்னு போடுடே," என்றான் சாலைக் கடைத்தெருவில் டைப்பிங் கடை வைத்திருக்கும் அனூப். "இந்த ஊர்ல மூணு வருஷம் காணாமப் போனவன் எல்லாம் அங்கதான் இருந்திருப்பான்."

ஷார்ஜா, ஹோட்டல் உதவியாளர் என்று அச்சாயிற்று.

ஹோட்டல்களுக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுக்கும் ராஜையனுக்கு ஆள் தேவைப்பட்டது. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஷார்ஜாவா. விசா அடிச்ச பக்கத்தக் காட்டு."

"பாஸ்போர்ட் வீட்டுல கிடக்கு அண்ணாச்சி."

"வீடு எங்க?"

"ஆற்றுகால் பக்கம்."

"பக்கம்தானே. போய் எடுத்துட்டு வா."

சுஜின் நகரவில்லை.

"பாஸ்போர்ட்டே இல்ல, அல்லே? எங்க கிடந்த? பூஜப்புரயா?"

"ஆமா. ஒருத்தன அடிச்சுப்போட்டேன்."

"கத்தியா?"

"கையாலதான் அண்ணாச்சி."

"கையாலன்னு சொல்லுகதும் நீதான். ஷார்ஜான்னு சொன்னதும் நீதான்." ராஜையன் தாளை மடித்தார். "உள்ள என்ன ஜோலி?"

"சப்பாத்தி மெஷின்."

மடித்த தாளை மறுபடி விரித்தார். "அது எங்க எழுதிருக்கு?"

"எழுதல."

"கொள்ளாம், நல்லாருக்கு. ஜெயில் வாசல்ல ஊரே வரிசையில நின்னு வாங்கித் திங்குத சப்பாத்தி. அத மறச்சுட்டு, போகாத ஊர்ல பாத்திரம் கழுவிருக்க. வேற எழுதிட்டு வா. தீர்ப்பு காப்பியும் வேணும். கத்தியா கையான்னு நானே வாசிச்சுக்கிடுதேன்."

மறுநாள் தீர்ப்பை இரண்டு தடவை வாசித்தார். "ஒரு மாசம் பாப்பேன். கல்லாப் பக்கம் வரப்பிடாது," என்றார்.

அவர் கையில் இருந்த புதிய தாளில் வருடங்கள் மேலே இல்லை. முதலில் சுஜினுக்குத் தெரிந்த வேலை: மாவு பிசைவது, சப்பாத்தி மெஷினை ஓட்டுவது, சூடு பார்த்து வைப்பது. அடுத்து அதைச் செய்த இடமும் காலமும்: பூஜப்புரை மத்தியச் சிறை, சப்பாத்திப் பிரிவு, 2020 முதல் 2023 வரை. கடைசியில் ஒரே வரி: அடிதடி வழக்கில் தண்டனை முடிந்தது, தீர்ப்பின் நகல் இத்துடன் உள்ளது.