பன்னி ரூபாய்

மூன்று வருஷமாகப் பரிசத்தைத் திரும்ப வாங்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்த சதீஷ்குமார், அன்றைக்குத் தானாகவே பைக்கில் வந்து, பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டர் வாசலில் இறங்கினான். கல்யாணத்தில் அவன் வீட்டார் பரிசமாகக் கொடுத்த வெள்ளி ரூபாயை, ஊரார் முன்னால் அவன் கைநீட்டி வாங்கினால்தான் அவர்கள் வழக்கப்படி உறவு தீரும். வாங்காதவரை, அடி தாங்காமல் ஓடிவந்து மலைமேல் ஆலத்தூர் நாட்டில் அம்மா வீட்டோடு கிடந்தாலும் பூங்குழலி அவன் பெண்டாட்டிதான். வாங்கிக்கொள்ள வருகிறேன் என்று அவன் சொல்லியனுப்பியதும், பாவி மனுஷனுக்கும் மனசு இளகிவிட்டதே என்று முதல் நாளே அவள் புளியும் சாம்பலும் போட்டு ரூபாயைத் தேய் தேய் என்று தேய்த்து வைத்திருந்தாள். பரிசத்தை அழுக்கோடு திருப்பினால் வம்பும் மிச்சம் நிற்கும் என்பார்கள்.

ஊரார் கூடியதும் வெற்றிலையில் வைத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. போன் வெளிச்சத்தை அடித்துக் காசிலிருந்த ராஜாவின் மார்பைத் துழாவினான்.

“யானை எங்கடி?”

“எந்த யானை?”

போனில் பார்த்த கதையைக் கூட்டத்துக்கே ஒப்பித்தான். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்டு அடித்த ரூபாயாம். அங்கியில் இருந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்ததாம். வெள்ளைக்காரன் நம் கையில் பன்றியைத் திணிக்கிறான் என்று ஜனங்கள் கொதிக்க, பயந்துபோன சர்க்கார் காசை நிறுத்தி, பெரும்பாலானதை உருக்கி, மறு வருஷம் யானையைத் திருத்தி அடித்ததாம். தப்பிய காசுக்கு இப்போது ஆட்கள் அலைகிறார்கள். தன் வீட்டுப் பரிசக் காசிலும் அதே வருஷம் என்று நினைவு வந்ததும் ஓடிவந்திருக்கிறான்.

“தேச்சே கெடுத்துப்போட்டியே! மூஞ்சியே இல்லாத காச எவன் வாங்குவான்? எனக்கு வேண்டாம்.”

அட, இதற்குத்தானா வந்தாய்! பூங்குழலி வெற்றிலையை இன்னும் கிட்டே நீட்டினாள். ஒரு பன்றிக்காக ஊரே கொதித்ததாம், சர்க்காரே இறங்கி வந்ததாம். அவள் மண்டை உடைந்து வந்த அன்றைக்கு இங்கே ஒரு நாதியும் வாயைத் திறக்கவில்லை.

“ஏனுங்க கவுண்டரே, நான் குடுத்துட்டனுங்களே. அது போதாதுங்களா?”

ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி தரையைப் பார்த்தார். “அவன் கையில வாங்கோணும் கண்ணு. அப்பத்தான் தீரும்.”

சதீஷ்குமார் பைக்கை உதைத்துக் கிளப்பினான். பூங்குழலி ஓடிப்போய் எதிரே நின்றாள்.

“வாங்கிட்டுப் போ.”

ஹாரன் அடித்தான். “தள்ளு புள்ள, போவட்டும்” என்று கூட்டம் அவளைத்தான் அதட்டியது. முன்சக்கரம் உருண்டு வந்து அவள் முழங்காலில் முட்டியது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.