கார் ரேடியோவும் ரோஸியும்

அந்தத் தை மாதம் ஆரணியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் பாதியில் நின்றுபோனது. சத்தியராஜின் கார் விளக்குகள் மங்கி மஞ்சளாகி, கடைசியில் அணைந்தேவிட்டன, எஞ்சினும் நின்றது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் இறங்கித் தள்ளினார். மறுநாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதே பேச்சு.

சீமையிலிருந்து எந்தக் காலத்திலோ வந்த பச்சை நிறக் கார் அது. ஊர்வலத்துக்கு அதுதான் வேண்டும் என்று சேவூரிலிருந்தும் கண்ணமங்கலத்திலிருந்தும் ஆள் வரும். அந்தக் கிராக்கி போய்விடுமோ என்ற பயத்தில் சத்தியராஜ், கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் ஜெயவேலை வீட்டுக்கே அழைத்து வந்தான்.

ஜெயவேல் பானட்டைத் தூக்கிப் பார்த்தான். "டைனமோவ கொற சொல்ல முடியாதுண்ணா. வண்டி வேகமா ஓடினாத்தான் அது சார்ஜ் குடுக்கும். ஊர்வலத்துல நீங்க ஊர்ந்துகினு போறீங்க. மேல சீரியல் பல்பு வேற. பேட்டரி இன்னாதான் பண்ணும்? ஆல்டர்னேட்டர் போட்டுடலாம். வண்டி மெதுவா போனாலும் அது கரண்ட்டு குடுக்கும்."

"லாரில இருக்கற மாதிரியா?"

"அது இருபத்துநாலு வோல்ட்டு, இதுக்கு ஆகாது. சின்னதுலயே ரெண்டு தினுசு இருக்குது. ஒண்ணுக்கு கரண்ட்ட அளவா வைக்கற ரெகுலேட்டர் தனியா மாட்டணும், இன்னொண்ணுல உள்ளயே இருக்கும். உள்ளயே இருக்கறதுதான் நல்லது, ஒயரு கம்மி, பேஜாரு இல்ல. ஆனா இந்தப் பழைய ஒயரு தாங்காது. பேட்டரி வரைக்கும் தடியா புதுசு இழுக்கணும். அப்பறம் இது பாசிட்டிவ் எர்த்து வண்டி. அதத் திருப்பணும்."

"அப்படின்னா?"

"எல்லா வண்டிலயும் பேட்டரியோட நெகட்டிவ்தான் பாடியில மாட்டியிருக்கும். இதுல தலைகீழா பாசிட்டிவ் மாட்டிக்கிது. அப்படியே ஆல்டர்னேட்டர் போட்டா ஒரு நிமிஷத்துல உள்ள வெந்துடும்."

ஜன்னலுக்குள்ளே ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்த ரோஸியின் காதில் அத்தனையும் விழுந்தது. மாற்றட்டும், எல்லாவற்றையும் மாற்றட்டும் என்று அவள் மனம் சொன்னது.

ரோஸி சத்தியராஜுக்கு இரண்டாம் மனைவி. முதல் மனைவி அமலோற்பவம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷமாகிறது. வீட்டில் அவளுடைய சேலை ஒன்றுகூட இல்லை, படத்தையும் அவள் அம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மிச்சமிருந்தது அந்தக் கார் ரேடியோதான். அமலா கேட்டாள் என்று சத்தியராஜ் மெட்ராஸ் போய் வாங்கிவந்து மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவன் காருக்குள் தனியாக உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்பான். சோறு ஆறிப்போகிறது என்று ரோஸி வாசலில் நின்று சொன்னால், "இதோ வர்றேன்" என்பான். அந்த 'இதோ' ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் இருக்கும். சில நாள் இரண்டு பாட்டு.

உயிரோடு இருக்கிறவளாக இருந்தால் சண்டை போடலாம், தலைமயிரைப் பிடிக்கலாம். செத்தவளை என்ன செய்வது? பாட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோஸி ராட்டையை வேகமாகச் சுற்றுவாள். அவள் விரலில் பட்டு அறுந்துபோகும்.

வேலை நடந்த அன்று சத்தியராஜ் சவாரி பேச போளூர் போயிருந்தான். ஜெயவேல் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரை மாட்டினான், பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், தடிப்பான சிவப்பு ஒயரைப் பேட்டரிக்கு இழுத்தான். பழைய ரெகுலேட்டர் பெட்டியைப் பிரித்துப் போட்டான். பேட்டரியைத் திருப்பி வைத்து, ஆம்பியர் மீட்டரின் பின்னாலும் காயிலிலும் ஒயர்களை இடம் மாற்றினான். கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடி ஃப்யூஸை எடுத்து ரோஸியின் கையில் கொடுத்தான்.

"அக்கா, இது ரேடியோ ஃப்யூஸு. அந்த ரேடியோ பழைய எர்த்துக்குச் செஞ்சது. இப்ப ஆன் பண்ணா எரிஞ்சிடும். வேலூர்ல காட்டினா மாத்திக் குடுப்பாங்க. அண்ணா வந்தா மறக்காம சொல்லிடுங்க, நான் கடைக்குப் போய்ட்டு சாயங்காலம் வர்றேன்."

"சொல்றேன்" என்றாள் ரோஸி.

அவன் தெருமுனை திரும்பியதும் காரின் கதவைத் திறந்து, ரேடியோ ஒயரில் தொங்கிக்கொண்டிருந்த ஃப்யூஸ் குப்பியில் அதைத் திரும்பப் போட்டுத் திருகினாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ராட்டைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் சத்தியராஜ் வந்த கொஞ்ச நேரத்தில் ஜெயவேலும் வந்து சேர்ந்தான்; ரோஸி சொல்லியிருப்பாள் என்று நினைத்திருந்தான். வண்டி சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட்டைப் போட்டபோதும் மீட்டர் முள் சார்ஜ் பக்கமே நின்றது. எதிர்ச்சுவர் வெள்ளையாகப் பளிச்சிட்டது. சத்தியராஜ் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அந்தச் சந்தோஷத்தில் ரேடியோவின் குமிழைத் திருப்பினான்.

"அண்ணா, வேணாம்!" என்று ஜெயவேல் கத்துவதற்குள் பட்டென்று ஒரு சத்தம். டேஷ்போர்டிலிருந்து நீலமாகப் புகை கிளம்பியது, கருகின நாற்றம்.

சத்தியராஜ் இறங்கி ஜெயவேலின் சட்டையைப் பிடித்தான். "இன்னாடா பண்ணி வச்சிருக்க? வேலை தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுதானே! அது என்ன ரேடியோன்னு தெரியுமாடா உனக்கு?"

"ஃப்யூஸக் கழட்டிட்டேண்ணா…" என்று தொடங்கிய ஜெயவேல், குனிந்து பார்த்தான். குப்பிக்குள் ஃப்யூஸ் இருந்தது. அவன் நிமிர்ந்து ரோஸியைப் பார்த்தான்.

அவன் திட்டியிருந்தால் ரோஸி வாயைத் திறந்திருக்க மாட்டாள். அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவனை வுடுங்க. அவன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். நான்தான் திரும்பப் போட்டேன்."

ஜெயவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "என் கைக்குக் கெட்ட பேரு வந்திருக்கும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

சத்தியராஜ் காருக்குள் கைவிட்டு எஞ்சினை நிறுத்தினான். பிறகு கேட்டான். "கழட்டச் சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனே ரோஸி. ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன். அவ்வளவுதானே?"

"நீங்களா கழட்டினா, கழட்டினதுக்காகவே அவங்கள நெனச்சிகினு இருப்பீங்க. அது தானா தொலையணும்னு இருந்தது எனக்கு" என்றாள். சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் சமாதானம் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. கேட்டதற்குப் பதில், போட்ட சோற்றைச் சாப்பிடுவது என்று நாட்கள் போயின. ரேடியோவைக் கழற்றி எங்கே வைத்தானோ, அவள் கேட்கவில்லை. டேஷ்போர்டில் சதுரமாக ஒரு ஓட்டை மட்டும் இருந்தது.

ஒருநாள் ரோஸி ஜெயவேலின் கடைக்குப் போய் நின்றாள். "தப்பு எம்மேலதான். அவர் கை வச்சது உன்மேல" என்றாள். "வுடுக்கா, அண்ணா அன்னைக்கே வந்து பேசிட்டாரு. ஆல்டர்னேட்டர் நல்லா வேலை செய்யுதா?" என்றான் அவன். அவள் தலையாட்டினாள். சத்தியராஜ் வந்து பேசியது அவளுக்குத் தெரியாது.

மாசியில் கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலம் ஆற அமர ஊர்ந்து நடந்தது, விளக்குகள் கடைசிவரைக்கும் மங்கவே இல்லை. பெண் வீட்டார் வற்புறுத்தி அழைத்ததால் ரோஸியும் போயிருந்தாள். திரும்பி வரும்போது சத்தியராஜ் தன்னை மறந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். அவன் பாடி அவள் கேட்டதே இல்லை. சுருதி எங்கெங்கோ போயிற்று.

காருக்குள் அவன் தனியாகக் கேட்ட பாட்டாக இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு, கேட்டே விடுவது என்று திரும்பினாள்.

"இது அவங்களுக்குப் புடிச்ச பாட்டா?"

முணுமுணுப்பு நின்றது. "ஆமா" என்றான், சாலையைப் பார்த்தபடியே.

"நல்லாப் பாடுவாங்களா?"

"எங்க! என்னவிட மோசம்" என்று சொன்னவன், அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் "மிச்சத்தையும் பாடுங்க" என்றாள்.